பிரிந்த பெட்டிகளும் சேர்ந்த பெட்டியும்

வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் செய்யும் வேலை உண்மையில் இரண்டு. இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் வகை ஊசியானால் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். அந்த மெல்லிய சிக்னலைப் பழுதில்லாமல் வாங்கி, பதிவின்போது குறைக்கப்பட்ட கீழ் ஸ்தாயியையும் கூட்டப்பட்ட மேல் ஸ்தாயியையும் சமன்செய்து, ரேடியோவா டேப்பா இசைத்தட்டா என்று தெரிவுசெய்து, ஒலியளவைக் கூட்டிக் குறைப்பது முதல் வேலை. அதற்கு பிரீ-ஆம்ப் என்று பெயர். அங்கிருந்து வரும் சிக்னலுக்கு ஸ்பீக்கரின் கூம்பை முன்னும் பின்னும் தள்ளும் வலுவைக் கொடுப்பது இரண்டாவது வேலை. அது பவர் ஆம்ப். இரண்டும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால் செபரேட்ஸ். ஒரே பெட்டிக்குள் அடங்கினால் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர். 1945 தொடங்கி இன்றுவரை இவை பலமுறை பிரிந்திருக்கின்றன, பலமுறை சேர்ந்திருக்கின்றன. நல்ல காது கேட்டதால்தான் பிரிந்தன என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. சூடு, எடை, ஹம், விலை, கூடத்தில் கிடைத்த இடம் ஆகியவற்றுக்குத்தான் இந்த வரலாற்றில் பங்கு அதிகம்.

முதலில் எல்லாம் ஒன்றாகவே இருந்தன. 1930-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியுள்ள குடும்பங்கள் வாங்கிய ரேடியோகிராம் ஓர் அலமாரி. ரேடியோ, இசைத்தட்டு சுழலும் மேடை, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் நான்கும் அந்த மரப்பெட்டிக்குள் இருக்கும். மேசை நாற்காலி வாங்குவதுபோல மரத்தின் மெருகைப் பார்த்தே பலரும் அதை வாங்கினார்கள். ஒலியோ, மேல் ஸ்தாயி மழுங்கி, கீழ் ஸ்தாயி அலமாரியின் அதிர்வோடு சேர்ந்து 'பொம்' என்று முழங்கும். ஸ்பீக்கரின் அதிர்வு ஊசியை உலுக்கும். ஊசி அந்த உலுக்கலையும் சேர்த்து மீண்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

இந்த அலமாரியைப் பிரித்துப்போட்டவர்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய தலைமுறையினர். ராணுவத்தில் ரேடியோவும் ராடாரும் பழகிய கைகள், மலிவாக ஏலத்துக்கு வந்த போர்க்கால உதிரி பாகங்கள், கூடவே பத்திரிகைகளில் வெளியான சர்க்யூட் படங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து பிரிட்டனில் ஒரு பொழுதுபோக்கை உருவாக்கின. லண்டனில் 1934-ல் தொழில் தொடங்கிய ஹெரால்டு லீக், 1945-ல் 'பாயின்ட் ஒன்' என்ற ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டார். பெயரே அதன் விளம்பரம்: மொத்தத் திரிபு 0.1 விழுக்காடு. ஒன்றிரண்டு விழுக்காடு திரிபையே நல்ல தரமாக எண்ணிய காலத்தில் அது நம்ப முடியாத எண்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல், மே இதழ்களில், 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகை டி.டி.என். வில்லியம்சன் என்ற இளம் பொறியாளரின் வடிவமைப்பை வெளியிட்டது. கேடி66 வால்வுகள், 15 வாட் சக்தி, 20 டெசிபல் எதிர்ப் பின்னூட்டம். வெளியே போகும் சிக்னலில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிட்டு, ஆம்ப்ளிஃபையர் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளச் செய்யும் முறைதான் எதிர்ப் பின்னூட்டம். அதை அவ்வளவு அதிகமாகக் கொடுத்தும் ஆம்ப்ளிஃபையர் நிலைகுலையாமல் இருக்க வேண்டுமானால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் மிக உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும். ஆகவே பெரிய இரும்பு அடுக்கு, பல பகுதிகளாகப் பிரித்துச் சுற்றிய கம்பிச் சுருள், கையால் தூக்கினால் தெரியும் எடை. உலகமெங்கும் வீட்டுக் கொட்டகைகளில் வில்லியம்சன் ஆம்ப்ளிஃபையர்கள் முளைத்தன.

அதைக் கட்டியவர்களுக்கு இரண்டு பெட்டி ஏன் தேவை என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்காலப் பிரிட்டிஷ் ஸ்பீக்கர் 15 ஓம். அதற்கு 15 வாட் கொடுக்க 15 வோல்ட் வேண்டும். ஊசியின் 5 மில்லிவோல்ட் 3,000 மடங்கு பெருகினால்தான் அது கிடைக்கும். இசைத்தட்டின் சமன்பாட்டை ஈடுகட்டக் கீழ் ஸ்தாயியை மட்டும் இன்னும் பல மடங்கு பெருக்க வேண்டும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம் குடியிருப்பதும் அதே கீழ் ஸ்தாயியில்தான். பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் ஊசியின் கம்பியைத் தொட்டாலே போதும், அறை முழுவதும் வண்டு ரீங்கரிக்கும். போதாக்குறைக்கு, கேடி66 போன்ற வால்வுகள் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். மெல்லிய சிக்னலைக் கையாளும் பகுதியை இந்த உலைக்களத்திலிருந்து ஒரு முழமாவது தள்ளி வைப்பது அவசியமான முன்னெச்சரிக்கை.

பிரீ-ஆம்புக்கு அன்று வேலையும் நிறைய இருந்தது. 1954-ல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ சமன்பாடு பொதுவாக ஏற்கப்படும் வரை, ஒவ்வொரு கம்பெனியும் கீழ் ஸ்தாயியைத் தன் விருப்பப்படி குறைத்து, மேல் ஸ்தாயியைத் தன் விருப்பப்படி கூட்டிப் பதிவுசெய்தது. ஒரு கம்பெனித் தட்டுக்குப் பொருந்திய நிலை அடுத்த கம்பெனித் தட்டுக்குக் கீச்சிடும் அல்லது மந்தமாகும். எனவே சமன்பாட்டைத் தேர்வுசெய்யத் தனிக் குமிழ்கள் வேண்டியிருந்தன. நியூயார்க்கில் சால் மரன்ட்ஸ் தன் சொந்த இசைத்தட்டுகளுக்காகச் செய்துகொண்ட 'ஆடியோ கன்சோலெட்' என்ற பிரீ-ஆம்பின் முகப்பில் இந்தக் குமிழ்களே முக்கியம். அதை நண்பர்கள் கேட்க, பிறகு மற்றவர்களும் கேட்க, 1953-ல் அது ஒரு கம்பெனியாயிற்று. 1952-ல் பீட்டர் பாக்சன்டால் வெளியிட்ட டோன் கன்ட்ரோல் சர்க்யூட் பிரீ-ஆம்பின் இன்னொரு நிரந்தர உறுப்பினர். இன்றும் தமிழ்நாட்டு ரேடியோ மெக்கானிக் 'பேஸ் ட்ரெபிள் போர்டு' என்று கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் அந்தச் சர்க்யூட்டின் வழித்தோன்றல்தான்.

பிரித்து வைப்பதை ஒரு வீட்டு அழகாகவே மாற்றியவர் பீட்டர் வாக்கர். 1936-ல் லண்டனில் தொடங்கி, போர்க்காலக் குண்டுவீச்சுக்குப் பின் ஹன்டிங்டன் என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்த அவருடைய கம்பெனி, குவாட் என்ற பெயரால் புகழ்பெற்றது. 1953-ல் வந்த குவாட் 2 பவர் ஆம்பில் குமிழே கிடையாது. அதை அலமாரியின் அடித்தட்டிலோ சோபாவின் பின்னாலோ ஒளித்துவைக்கலாம். சாய்வு நாற்காலியின் கைக்கெட்டும் இடத்தில் சிறிய கன்ட்ரோல் யூனிட் மட்டும் இருக்கும். அந்த யூனிட்டுக்குத் தனி மின்சப்ளையும் இல்லை. பவர் ஆம்பிலிருந்து வரும் ஒரு தடித்த கேபிள், தாய்க்கும் சேய்க்கும் இடையிலான தொப்புள்கொடிபோல அதற்கு உயிர்கொடுத்தது. பலர் தச்சரை அழைத்து, இருக்கும் அலமாரியில் துளை வெட்டி, கன்ட்ரோல் யூனிட்டின் முகப்பை மட்டும் வெளியே தெரியும்படி பதித்துக்கொண்டார்கள். ஒரு வேடிக்கை: ரேடியோகிராமை விட்டு ஓடிவந்த ரசிகர்கள், பிரித்த உறுப்புகளை எல்லாம் மீண்டும் ஒரு மர அலமாரிக்குள்ளேயே குடியேற்றினார்கள். 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வார்ஃப்டேல் ஸ்பீக்கர் கம்பெனியின் கில்பர்ட் பிரிக்ஸும் வாக்கரும் சேர்ந்து, மேடையில் நேரடி இசையையும் அதன் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கவைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். கூடத்துக்கென்று செய்த கருவிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஸ்டீரியோ. ஆலன் பிளம்லைன் 1931-லேயே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஆனால் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு ஒலித்தடங்களைப் பதித்த தட்டுகள் கடைக்கு வந்தது 1958-ல்தான். அதுவரை ஒரு ஸ்பீக்கர் போதுமாயிருந்த வீட்டில் இரண்டு வேண்டும். ஸ்பீக்கருக்கு ஒன்றாக இரண்டு பவர் ஆம்ப் வேண்டும். குவாட் 2 வைத்திருந்தவர் இன்னொரு குவாட் 2 வாங்கி, 1959-ல் வந்த குவாட் 22 ஸ்டீரியோ கன்ட்ரோல் யூனிட்டையும் வாங்கினால் மூன்று பெட்டி. ட்யூனர், டர்ன்டேபிள், இரண்டு ஸ்பீக்கர் சேர்த்தால் ஏழு. பழைய ஆர்வலருக்கு இது பெருமை. புதிதாக வாங்க வருபவருக்கு மலைப்பு.

மலைப்பை முதலில் காசாக்கியவர்கள் அமெரிக்கர்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த எச்.எச். ஸ்காட் கம்பெனியின் 299, நியூயார்க்கின் ஃபிஷர் கம்பெனி மாடல்கள் ஆகியவை 1950-களின் இறுதியில் இரு சேனல் பிரீ-ஆம்பையும் இரு சேனல் பவர் ஆம்பையும் ஒரே சட்டகத்தில் அடுக்கின. ஹம்மை வெல்ல டிரான்ஸ்ஃபார்மர்களை ஒரு மூலைக்குத் தள்ளி, ஊசியின் உள்ளீட்டை எதிர்மூலையில் வைத்தார்கள். நல்ல வடிவமைப்பாளரால் சமாளிக்க முடிந்தது. இரண்டாந்தரக் கம்பெனிகளின் பெட்டிகள் முனகின. டேவிட் ஹாஃப்லரின் டைனகோ வேறு வழியில் போனது. 1959-ல் வந்த அதன் ஸ்டீரியோ 70, சேனலுக்கு 35 வாட் தரும் இரு சேனல் பவர் ஆம்ப். அதை 'கிட்'டாக வாங்கி, கையேட்டைப் பார்த்து வீட்டிலேயே சால்டர் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். உழைப்புக் கூலி வாங்குபவருடையதே என்பதால் விலை குறைவு. அதே டைனகோ 1960-களின் நடுவில் எஸ்சிஏ-35 என்ற இன்டகிரேட்டட் கிட்டையும் விற்றது. அதன் சக்தி 17.5 வாட், அதாவது ஸ்டீரியோ 70-யில் சரிபாதி. வால்வு காலத்தில் ஒற்றைப் பெட்டிக்குள் புகுவதற்குக் கொடுத்த விலையை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

அந்த விலையை ரத்துசெய்தது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அதற்கு இழையைச் சூடாக்கும் மின்சாரம் வேண்டாம். வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை. இதற்குச் சில பத்து வோல்ட் போதும். 1956-ல் ஆர்சிஏ கம்பெனியின் எச்.சி. லின் வெளியிட்ட சர்க்யூட், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரையே நீக்கிவிட்டது. பெட்டியின் எடையிலும் விலையிலும் பெரும்பங்கு அந்த இரும்புதான். அது போனதும் இரண்டு சேனல் பவர் ஆம்ப், ஒரு உலோகத் தகட்டின்மேல் திருகிய நான்கு டிரான்சிஸ்டர்களாகச் சுருங்கியது. பக்கத்திலேயே பிரீ-ஆம்பை வைத்தாலும் கெடுதியில்லை.

1963-ல் லீக் வெளியிட்ட ஸ்டீரியோ 30, பிரிட்டனில் முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன முதல் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர்களில் ஒன்று. வால்வுகளைக் கொண்டு பெயர் வாங்கிய அதே லீக், பவர் ஆம்பையும் பிரீ-ஆம்பையும் புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அடங்கும் பெட்டிக்குள் போட்டது. தொடக்கத்தில் அவஸ்தைகளும் இல்லாமலில்லை. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் சூடானால் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். இழுத்தால் இன்னும் சூடாகும். கடைசியில் தன்னையே எரித்துக்கொள்ளும். அலையின் மேல்பாதியைத் தாங்கும் டிரான்சிஸ்டரும் கீழ்பாதியைத் தாங்கும் டிரான்சிஸ்டரும் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் ஒரு சிறு நெருடல் ஏற்பட்டு, மெதுவான வயலின் இசையில் மணல்போலக் கேட்கும். டிரான்சிஸ்டர் ஒலி கரடுமுரடு என்ற பேச்சு பிறந்தது இந்த ஆண்டுகளில். அன்றைய கருவிகளைப் பொறுத்தவரை அந்தப் பேச்சில் நியாயமும் இருந்தது. 1960-களின் இறுதியில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் மலிவாகக் கிடைத்தபின் நிலைமை மாறியது. குவாட் 1967-ல் டிரான்சிஸ்டருக்கு மாறியபோதும் 33 பிரீ-ஆம்ப், 303 பவர் ஆம்ப் என்று பிரித்தேதான் விற்றது. அப்போது அதற்குத் தொழில்நுட்ப நெருக்கடி ஏதும் இல்லை. பழைய வாடிக்கையாளரின் அலமாரி வழக்கமும் கம்பெனியின் பிடிவாதமும்தான் காரணம் என்று கொள்ளலாம்.

இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையரைத் தயக்கமில்லாமல் தன்னுடையதாக்கிக்கொண்ட நாடு ஜப்பான். அங்கு இன்றும் அதற்கு வழங்கும் பெயர் 'பிரீ-மெயின் ஆம்ப்'. பவர் ஆம்பை அவர்கள் மெயின் ஆம்ப் என்பார்கள். இரண்டு சொல்லையும் கூட்டிச் சேர்த்த அந்தப் பெயரிலேயே, உள்ளே இருப்பவை இரண்டு கருவிகள் என்ற நினைவு தங்கியிருக்கிறது. சிறிய வீடுகள், மெல்லிய சுவர்கள், பாயை விரித்தால் படுக்கையறையாகும் கூடம். அங்கே ஐந்து பெட்டி அடுக்க இடமேது? லக்ஸ்மேனின் எஸ்க்யூ-38 வரிசை, 1965-ல் வந்த சன்சுயி ஏயூ-111 ஆகியவை வால்வு காலத்திலேயே ஒற்றைப் பெட்டியில் உயர்தரம் காட்ட முயன்றவை. 1970-களில் யமஹா, பயோனியர், ட்ரையோ, சன்சுயி ஆகியவை முழு வேகத்தில் இறங்கின. யமஹாவின் 1973-ஆம் ஆண்டு சிஏ-1000-இல் ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் திருப்பினால் ஆம்ப்ளிஃபையர் குறைந்த சக்தியில், ஆனால் கைமாற்றும் நெருடலே இல்லாத ஏ வகுப்பில் இயங்கும்.

அந்தக் கால ஜப்பானியப் பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் ஒரு சிறு விசித்திரம் இருந்தது. 'பிரீ அவுட்', 'மெயின் இன்' என்று எழுதிய துளைகளை ஆங்கில 'யூ' எழுத்துபோல் வளைந்த உலோகத் துண்டுகள் இணைத்திருக்கும். அவற்றைப் பிடுங்கினால் ஆம்ப்ளிஃபையர் உள்ளுக்குள் இரண்டாகப் பிரிந்துவிடும். பிறகு வசதி வரும்போது பெரிய பவர் ஆம்ப் ஒன்றை வாங்கி, இதைப் பிரீ-ஆம்பாக மட்டும் பயன்படுத்தலாம். பெரும்பாலானோர் அதைக் கடைசிவரை பிடுங்கியதே இல்லை. ஆனால் பிடுங்கலாம் என்ற எண்ணமே விற்பனைக்கு உதவியது. பழைய ஆம்ப்ளிஃபையரில் ஒரு சேனல் மட்டும் விட்டுவிட்டு ஒலித்தால், பழுதுபார்ப்பவர் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் ஒன்று துரு ஏறிய இந்தத் துண்டுகள்தான்.

அமெரிக்கர்கள் ட்யூனரையும் உள்ளே இழுத்து, ரிசீவர் என்று ஆக்கிக்கொண்டார்கள். 1961-ல் அங்கே எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கியது அதற்கு உரம். பிறகு நடந்தது வாட் போர். விளம்பரத்தில் கண்டபடி எழுதப்பட்ட வாட் கணக்கைக் கட்டுப்படுத்த, அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-ல் அளவீட்டு விதியைக் கொண்டுவந்தது. அந்த விதிப்படி, ஆம்ப்ளிஃபையரை முதலில் ஒரு மணி நேரம் மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஓட்டிச் சூடாக்கிய பிறகே அளக்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனையைத் தாங்கப் பெரிய ஹீட் சிங்க் தேவைப்பட்டது. 1978-ல் வந்த பயோனியர் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட். ஒற்றைப் பெட்டிதான், ஆனால் அதைத் தூக்க இருவர் வேண்டும்.

வீட்டு இன்டகிரேட்டட்டின் மதிப்பை உண்மையில் நிலைநாட்டியது 1970-களின் பிற்பகுதி பிரிட்டன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ஜான் டாசனும் நண்பர்களும் தொடங்கிய ஏ அண்ட் ஆர் கம்பெனி, 1976-ல் ஏ60 என்ற எளிய ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தது. அதன் வழித்தோன்றலே ஆர்க்கம். அதே காலத்தில் கிளாஸ்கோவின் லின் கம்பெனியை நடத்திய ஐவர் டீஃபன்பிரன் ஒரு புதிய வாதத்தை ஓயாமல் சொல்லிவந்தார்: ஊசியும் டர்ன்டேபிளும் தட்டிலிருந்து எடுக்காமல் விட்டதைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் திருப்பித் தர முடியாது, எனவே பணத்தைப் பெருமளவு டர்ன்டேபிளில் போடுங்கள். அதுவரை ஸ்பீக்கரிலும் ஆம்ப்ளிஃபையரிலும்தான் பணம் போக வேண்டும் என்பது பொதுக்கருத்து. லின் விற்றது டர்ன்டேபிள் என்பதால் வாதத்தில் சுயலாபம் இருந்தது உண்மை. ஆனால் அதன் பக்கவிளைவு எதிர்பாராதது. டர்ன்டேபிளுக்குப் பணம் கொடுத்தபின் மிச்சமிருப்பதற்கு வாங்கக்கூடிய, அந்த டர்ன்டேபிளை அவமானப்படுத்தாத, சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று தேவைப்பட்டது.

அந்த இடத்துக்கு 1978-ல் வந்தது என்ஏடி 3020. லண்டனில் 1972-ல் தொடங்கிய என்ஏடி கம்பெனிக்காக நார்வேஜியப் பொறியாளர் எரிக் எட்வர்ட்சன் வடிவமைக்க, தைவானில் உற்பத்தியானது. சாம்பல் நிறம், பிளாஸ்டிக் முகப்பு, அழகென்று சொல்ல ஏதுமில்லை. காகிதத்தில் சேனலுக்கு 20 வாட். பயோனியரின் 270-க்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வரும். ஆனால் எட்வர்ட்சன் பார்த்தது வேறு. சோதனைக்கூடத்தில் 8 ஓம் மின்தடையைப் பூட்டி அளப்பது ஒன்று. வீட்டில் பூட்டப்படும் ஸ்பீக்கர் வேறு. நிஜ ஸ்பீக்கரின் தடை சில சுருதிகளில் 8 ஓமிலிருந்து மூன்று, இரண்டு ஓம் வரை சரியும். அந்த நொடியில் ஆம்ப்ளிஃபையர் பெரும் மின்னோட்டத்தைக் கொடுக்க வேண்டும். மேலும் இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. மத்தளத்தின் ஓர் அடிக்குச் சில நொடித்துளிகள் மட்டும் சக்தி உயர்ந்தால் போதும். 3020 இந்த இரண்டு நிலைமைக்கும் தயாராக இருந்தது. நொடித்துளிக்கு அதனால் அச்சிட்ட சக்தியைப்போல் இருமடங்கு கொடுக்க முடிந்தது. எல்லை மீறினாலும் ஒலி உடைந்து கரகரக்காமல் மென்மையாக மழுங்கும்படி ஒரு சுவிட்சும் இருந்தது. இசைத்தட்டு உள்ளீட்டுப் பகுதி அந்த விலைக்கு மிகையான தரம். மாணவர்களும் புதிதாகக் குடித்தனம் வைத்தவர்களும் அதை வாங்கினார்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று பெட்டி வைத்திருந்தவர்களில் சிலரும் ஒப்பிட்டுக் கேட்டுவிட்டுப் பெட்டிகளை விற்றார்கள். இந்தச் சிறு பெட்டி உலகில் அதிகம் விற்ற ஆம்ப்ளிஃபையர்களில் ஒன்றானது.

சால்ஸ்பரியில் ஜூலியன் வெரேக்கர் நடத்திய நெய்ம் கம்பெனி இதற்கு நேரெதிரான முகாம். அங்கே பிரீ-ஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி. இன்னும் காசு இருந்தால் பிரீ-ஆம்புக்கு மட்டும் தனி பவர் சப்ளைப் பெட்டி. அடிப்படை ஏற்பாட்டில் பவர் ஆம்பிலிருந்தே பிரீ-ஆம்புக்கு மின்சாரம் போனது. குவாட்டின் தொப்புள்கொடி இங்கும் உண்டு. அப்படிப்பட்ட கம்பெனி 1983-ல் நைட் என்ற குட்டி இன்டகிரேட்டட்டை வெளியிட்டது. சேனலுக்குப் பதினைந்து வாட்டைத் தாண்டாத சக்தி, டோன் கன்ட்ரோல் கிடையாது. பெட்டிகளைப் பெருக்கியே வாழ்ந்தவர்கள் பெட்டியைச் சுருக்கியும் நல்ல பெயர் வாங்கினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

செபரேட்ஸ் அழிந்துபோகவில்லை, மேல்தட்டுக்கு நகர்ந்தது. 1970-களில் மார்க் லெவின்சன், ஆடியோ ரிசர்ச் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகளின் பிரீ-ஆம்ப்கள் பெரும் பணத்தைக் கேட்டன. 1980-களின் தொடக்கத்தில் வந்த கிரெல் கேஎஸ்ஏ-50 என்ற பவர் ஆம்ப் 50 வாட் முழுவதையும் ஏ வகுப்பில் கொடுத்தது. பாட்டு இல்லாதபோதும் முழு மின்சாரத்தையும் சூடாக்கி வீணடிக்கும் முறை அது. குளிர்விக்க விசிறியே வைத்தார்கள். அந்த உலைக்குப் பக்கத்தில் மெல்லிய சிக்னல் சர்க்யூட்டை வைக்க முடியாது. 1947-ன் காரணம் அப்படியே திரும்பி வந்தது. பவர் ஆம்பை ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோய்த் தடித்த வயரின் நீளத்தைக் குறைப்பது, ஒரு பகுதி பழசானால் அதை மட்டும் மாற்றுவது ஆகிய நன்மைகளும் உண்மையானவை. ஆனால் கடையின் நன்மை அவற்றைவிடப் பெரியது. ஒற்றைப் பெட்டி வாங்கியவர் திரும்பி வர ஆண்டுகள் ஆகும். நான்கு பெட்டி வாங்கியவருக்கு எப்போதும் அடுத்த பெட்டி ஒன்று மிச்சமிருக்கும்.

1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் சிடிபி-101 கடைக்கு வந்தது. சிடி பிளேயர் தருவது சுமார் 2 வோல்ட். ஊசி தந்த 5 மில்லிவோல்ட்டைப்போல் 400 மடங்கு. சமன்பாடு தேவையில்லை, ஹம் பயம் இல்லை. பிரீ-ஆம்பின் முக்கியக் கடமை ஒரே நாளில் இல்லாமற்போகவில்லை. ஆனால் இசைத்தட்டுகள் அலமாரிக்குப் போகப் போக, பிரீ-ஆம்ப் என்பது ஒரு தெரிவு சுவிட்சும் ஒரு வால்யூம் குமிழும்தான் என்ற நிலை வந்தது. வெறும் மின்தடைக் குமிழை ஒரு டப்பாவில் போட்டு 'பாசிவ் பிரீ-ஆம்ப்' என்று விற்றவர்களும் உண்டு. 1990-களில் உயர்விலைக் கம்பெனிகளே கனமான இன்டகிரேட்டட்களை வெளியிட்டன. செபரேட்ஸை விற்றுவிட்டு ஒற்றைப் பெட்டிக்கு மாறிய நடுவயது ரசிகர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு மிச்சமானது இடம் மட்டுமல்ல. இரண்டு பெட்டிகளும் தனித்தனியே எர்த் ஆவதால் எழும் ஹம், ஒரு கம்பெனி பிரீ-ஆம்பின் வெளியீடு இன்னொரு கம்பெனி பவர் ஆம்புக்கு மிகையாகி வால்யூம் குமிழ் ஒன்பது மணி நிலையைத் தாண்ட முடியாத தொல்லை, பெட்டிகளுக்கு நடுவே ஓடும் வயரின் விலை ஆகிய மூன்றும் போயின. இழந்தது என்னவென்றால், ஒன்று கெட்டால் எல்லாமே பழுதுக்கடைக்குப் போக வேண்டும்.

இந்தியாவில் இந்தத் தேர்வே பலருக்கு வாய்க்கவில்லை. 1991-க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கொல்கத்தாவில் 1970-ல் தொடங்கிய சோனோடைன் போன்ற உள்நாட்டுக் கம்பெனிகளின் செட், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் கொண்டுவந்த ஜப்பானியப் பெட்டி, சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது என்று வழிகள் குறைவு. நான்காவது வழி அசெம்பிள் செட். சான்யோவின் எல்ஏ4440 என்ற ஒற்றை ஐசியில் இரண்டு சேனலும் உண்டு. 12 வோல்ட்டில் சேனலுக்கு ஏறக்குறைய 6 வாட். ரிச்சி தெருவில் '4440 போர்டு' என்று கேட்டால் போதும். ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பேஸ் ட்ரெபிள் போர்டு, நான்கு குமிழ், ஒரு தகரப் பெட்டி, தச்சர் செய்த சவுண்ட் பாக்ஸ் இரண்டு. டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் வீட்டிலும் இளையராஜா பாடல்கள் ஒலித்தது பெரும்பாலும் இத்தகைய செட்டுகளில்தான். இன்டகிரேட்டட் என்ற சொல் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. ஆம்ப்ளிஃபையர் என்றாலே ஒற்றைப் பெட்டிதான். அதன் நிரந்தர நோயும் 1947-ன் நோயே: டிரான்ஸ்ஃபார்மர் போர்டுக்கு அருகில் இருந்தால் ஹம்மிங்.

சூட்டை ஏறக்குறைய ஒழித்துக்கட்டியது டி வகுப்பு. பழைய பி வகுப்புச் சர்க்யூட் கோட்பாட்டளவில்கூட 78.5 விழுக்காடு திறனைத் தாண்டாது. நொடிக்கு லட்சக்கணக்கான முறை டிரான்சிஸ்டரை முழுதாகத் திறந்து முழுதாக மூடும் டி வகுப்போ 90 விழுக்காட்டைத் தொடும். பெல்ஜியத்தில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த புருனோ புட்சைஸ் 2000-களின் தொடக்கத்தில் செய்த வடிவமைப்புகள், அதுவரை சப்-ஊஃபருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட அந்த வகுப்பை நல்ல ரசிகரின் கூடத்துக்குக் கொண்டுவந்தன. 2010-ல் பாரிஸின் டெவியாலே கம்பெனி வெளியிட்ட டி-பிரீமியர், ஏ வகுப்பையும் டி வகுப்பையும் பிணைத்து, சேனலுக்கு 240 வாட் சக்தியோடு டிஜிட்டல் மாற்றியையும் இசைத்தட்டு உள்ளீட்டையும் ஒரு தட்டையான பலகைக்குள் அடக்கியது. இப்போது இன்டகிரேட்டட் என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் வைஃபையும் ப்ளூடூத்தும் உண்டு. ஸ்பீக்கர் மட்டும் உள்ளே இருந்தால் அது மீண்டும் ரேடியோகிராம்தான்.

லீக் கம்பெனி 1969-ல் கைமாறி, பின்னர் மறைந்துபோனது. அந்தப் பெயர் பிற்பாடு சீனாவின் ஐஏஜி குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. 2020-ல் அக்குழுமம், 1963-ன் ஸ்டீரியோ 30-ஐ நினைவூட்டும் வால்நட் மரப் பெட்டியில், ஸ்டீரியோ 130 என்ற இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குவாட்டும் அதே குழுமத்தின் கையில்தான் இருக்கிறது. 2024-ல் அது 33 பிரீ-ஆம்பையும் 303 பவர் ஆம்பையும் பழைய சாயலில் புதிதாக அறிமுகப்படுத்தியது, இரண்டு தனித்தனிப் பெட்டிகளாக.